கரை ஆடுது என்றாய்

மாமு,

காசிமேட்டில் மறுபடியும் பெயின்ட் வாசனை கிளம்பிவிட்டது. தடைக்காலம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதல்லவா? லாஞ்சுப் படகுகளை நெருக்கமாகக் கட்டிப் போட்டு, பாசியைச் சுரண்டி, பட்டி பூசி, நீலமும் பச்சையுமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று சர்க்கார் கடலைப் பூட்டிவைக்கும் இந்த இரண்டு மாதமும் நம் ஆட்களுக்கு வேலை இல்லாத காலம். ஊரே வெயிலில் குந்திக்கொண்டு கேரம் ஆடுகிறது. இன்று காலை துறைமுக வாசலைத் தாண்டும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. மதில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தேன்.

மற்றவர்களுக்கு அது படகு புதுசாகும் வாசனை. எனக்கு நீ ஓடிய இரண்டு மாதத்தின் வாசனை. போன தடைக்காலம் முழுக்க இதே பெயின்டுக்கு நடுவேதான் மூச்சிரைக்க ஓடினாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு சிநேகிதம் வைத்திருந்தவர்கள் இல்லை.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கே நினைவிருக்கும். தடைக்கு முந்தைய கடைசிக் கடல் நடையில், வலையை இழுத்து வாங்கும்போது நீ கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தாய். இருபது வருஷத்தில் நீ கயிற்றை விட்டு நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாய், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டிரைவர் ஏழுமலை மேலே கேபினிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். படகுக்கு அவன்தான் எஜமான். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்பது அவன் வாயில் இருக்கிறது. கரைக்கு வந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"தோ பாரு நைனா, ரெண்டு மாசம் டைம் கீது. ஒடம்பு தேறிச்சா வா, ஏறு. தேறலியா, கரையில குந்திகினு வலை தெச்சுகினு கெட. எனக்கு நடுக்கடல்ல பேஜாரு வாணாம்."

கல்மண்டபம் வரை நடந்து வந்தோம். மார்க்கெட் வாசலில் நின்று, "நான் கரையில குந்துற ஆளா மாமு?" என்று கேட்டாய். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். உன் முகத்தில் அன்று பார்த்த பயத்தை அதற்கு முன்பு எந்தப் புயலிலும் பார்த்ததில்லை. ஐம்பது வயதுகூட ஆகாத ஆம்பிளையைக் கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவன் எங்கே போவான்? உனக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது.

அந்த வாரமே துறைமுக ரோட்டில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மோர். மோருக்குத்தான் போனோம் என்பது உண்மை. அங்கிருந்த நர்ஸம்மா உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எண்பத்தெட்டு அடிக்கிறது, தொப்பையைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றாள். பொறுமையாகத்தான் விளக்கினாள். காலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழுவதற்கு முன்பே நாடியை ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். நடக்க நடக்க, ஓட ஓட அந்த எண் குறையும். முன்பு பல தடவை அடித்துச் செய்த வேலையை நெஞ்சு இப்போது சில அடியில் செய்கிறது என்று அர்த்தம். அப்படிக் குறைந்தால் உடம்பு தேறுகிறது.

இன்னொன்றும் சொன்னாள். "தலை சுத்துச்சுன்னாலோ, கண்ணு இருட்டிகினு வந்தாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும் அண்ணா. நம்பர் நல்லாத்தான இருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க."

முதல் பாதியை நீ மனப்பாடம் பண்ணிக்கொண்டாய். இரண்டாவது பாதியை மோர் டம்ளரோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

முதல் பாதி ஏன் உன்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். நமக்கு அது புதுசு இல்லை. நடுக்கடலில் வலையோ கயிறோ புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் ஒரு ஆள் கத்தியோடு படகுக்கு அடியில் இறங்கி அறுக்க வேண்டும். நம் லாஞ்சில் அந்த ஆள் நீ. இறங்கும் முன் காலைத் தொங்கப் போட்டு விளிம்பில் உட்காருவாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். படபடவென்று அடித்தால் விட மாட்டேன், உட்கார் என்பேன். அடி நிதானமாகி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல இடைவெளி விழுந்த பிறகுதான் உன் தோளைத் தட்டுவேன். துடிக்கும் நெஞ்சு அடியில் மூச்சைத் தின்றுவிடும், மெதுவான நெஞ்சுதான் ஆளை மேலே கொண்டுவந்து சேர்க்கும். இது நம் அப்பன்களும் செய்தது. மெதுவான நாடியைப் பார்த்து நம் படகில் எவனும் பயந்தது கிடையாது.

மறுநாளே ஓட்டம் ஆரம்பமானது. ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகனுடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு, கடற்கரை ரோட்டில் திருவொற்றியூர் பக்கமாக நீ போன அழகு இருக்கிறதே! ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். புழுதி நம் இருவர் முகத்திலும் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். கருவாடு காயவைக்கும் பெண்கள் உன்னைச் சும்மா விடுவார்களா?

"இன்னா மாமா, போலீஸ் தொரத்துதா?"

"போலீஸ் இல்லமே, ஒங்க அக்காதான் தொடப்பக்கட்டை எத்துகினு வரா" என்று ஓடிக்கொண்டே கத்துவாய். கத்தியதில் மூச்சு போய் அடுத்த லாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

ஆனால் தேறினாய். அதை மறைக்க மாட்டேன். முதல் மாதம் நீ மெய்யாகவே தேறினாய். தொப்பை இறங்கியது. நிற்காமல் ஓடும் தூரம் நாளுக்கு நாள் கூடியது. மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்காமல் டீ கேட்டாய். காலையில் ஹவுசிங் போர்டு வாசலில் நின்று, நான் எட்டிப் பார்க்கும்வரை அன்றைய எண்ணைக் கூவுவாய், ஏலம் கூறுகிற குரலில். "எழுவத்தாறு மாமு!" பிறகு ஒருநாள் "அறுவத்தெட்டு!" ஏலத்தில் விலை இறங்கினால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் ஆள், இது இறங்க இறங்கப் பல்லைக் காட்டினாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் உன் நாடி தெரியும். பால் பாக்கெட் போடுகிறவன்கூட "இன்னிக்கு எவ்ளோ அண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

இரண்டாம் மாதத்தில் எண் வேகமாக இறங்கியது. ஐம்பதைத் தாண்டிக் கீழே போன அன்று என்னைப் பர்மா நூடுல்ஸ் போடும் அத்தோ கடைக்கு இழுத்துக்கொண்டு போனாய். தட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, "கையப் புடிச்சுப் பாரு" என்று மணிக்கட்டை நீட்டினாய். பிடித்தேன். விளிம்பில் உட்கார்ந்து இறங்கத் தயாராக இருப்பாயே, அப்போது இருப்பதைவிட மெதுவாக இருந்தது. கடைக்காரர், பக்கத்தில் தின்றுகொண்டிருந்தவர்கள் என்று நாலு பேர் பிடித்துப் பார்த்தார்கள். "இது மனுசன் நெஞ்சா, சுறா நெஞ்சா?" என்றார் ஒரு பெரியவர். நானும் அதையேதான் சொன்னேன். உனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டாய். பசிக்கவில்லை என்றாய்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த மாதம் முழுக்க எல்லாம் தலைகீழாக இருக்கிறது. எண் குறைந்தது, கூடவே தூரமும் குறைந்தது. பட்டினத்தார் கோயில் தாண்டி ஓடியவன் பாதியிலேயே கருங்கல்லில் உட்கார ஆரம்பித்தாய். மத்தியானம் சாப்பிட்டதும் பிணம் மாதிரி தூங்கினாய். "இன்னா மாமு, ஓட்டம் கொறயுது?" என்று கேட்டால் உன்னிடம் பதில் தயாராக இருக்கும். "நெஞ்சு தேறிச்சு மாமு. காலு இன்னும் தேறல. அது பின்னால வரும்." நெஞ்சு முன்னால் போய்விட்டது, கால் பின்னாலேயே வருகிறது! கேட்கிறவன் கேனையாக இருந்தால் சொல்கிறவனுக்கு என்ன? ஆனால் நீ டபாய்க்கவில்லை. உனக்கே அப்படித்தான் தோன்றியது, எனக்கும் சரியென்று பட்டது.

பிறகு தலை சுற்றல். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தவன் அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டாய். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாய்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கரை ஆடுது மாமு."

சிரித்தோம். டீக்கடைக்காரரும் சிரித்தார். நம் ஆட்களில் யாருக்குத்தான் கரை ஆடவில்லை? பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு இறங்கினால் ரோடு ஆடும், சுவர் ஆடும், பெண்டாட்டி கையில் இருக்கும் சோத்துத் தட்டு ஆடும். இரண்டு நாளில் சரியாகிவிடும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு நமக்கு அது ஒரு நோயாகவே தோன்றுவதில்லை. நீ அதற்குப் பிறகு பல தபா சொன்னாய். லாரியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாய். கடலை விட்டு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனவனுக்குக் கரை ஏன் ஆட வேண்டும் என்று இந்தக் கல்மண்டபத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தடை முடியும் நாள் வந்தது. ஐஸ் பெட்டி ஏறியது, டீசல் ஏறியது, புதுப் பெயின்டின் மேல் மஞ்சளும் குங்குமமும் ஏறியது. பகலில் எல்லாரும் படகின் பலகைத் தளத்தில் நின்றிருக்கும்போது நீ நேராக ஏழுமலையிடம் போய்க் கையை நீட்டினாய். உன் திமிர் அப்படி. அவன் சின்ன வயதில் டைவ் அடித்தவன், நாடி பார்க்கத் தெரிந்தவன். பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோவ், இன்னாய்யா இது, கடிகாரம் மாரி வெச்சுகினு கீற! ஏறு, ஏறு" என்று உன் முதுகில் அறைந்தான்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? கல்யாணத்தன்றுகூட நீ அவ்வளவு சந்தோஷமாக இல்லை. கரையில் நின்ற கலாவைப் பார்த்து, "நான் சொல்லல?" என்று கத்தினாய். உன் பெண்டாட்டி கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பூசணிக்காய் உடைத்தார்கள். படகு கிளம்பியது.

இரண்டாம் நாள் காலையில் முதல் வலையை வாங்கினோம். நல்ல பாடு, வலை நிறைய மீன். மீன் கொட்டும்போது ஆளாளுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தோம். நீ எனக்குப் பக்கத்தில் கயிற்றில் நின்றாய். திடீரென்று கயிறு என் கையில் கனத்தது. திரும்பினேன். நீ மீன் குவியல் ஓரமாக மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தாய், யாரோ உட்காரச் சொன்னது மாதிரி.

"இன்னா மாமு?"

"கரை ஆடுது மாமு" என்றாய்.

சுற்றிலும் தண்ணீர். எந்தப் பக்கம் பார்த்தாலும் நிலம் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் நீ என் கால்மேல் சாய்ந்துவிட்டாய்.

நெஞ்சை அழுத்தினோம், வாயில் ஊதினோம். ஏழுமலை வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினான். வலையை அறுத்துவிடும் டிரைவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கரைக்கு வரப் பகல் முழுக்க ஆனது. வழியெல்லாம் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும் மாமு. முதல் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது உன் நாடியைப் பார்க்கத்தான், அதை அப்போது எப்படி விடுவது?

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். எண்கள், தலை சுற்றல், ஓட்டம் குறைந்தது, தூக்கம். கேட்கக் கேட்க அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இப்படி இருந்திருக்கலாம் என்றார். நெஞ்சுக்குள்ளே அடி அடி என்று உத்தரவு போகிற ஒரு வழி இருக்கிறது, ஒயரில் கரன்ட் போவது மாதிரி. அது பழுதானாலும் நாடி மெதுவாகும். உடற்பயிற்சியில் மெதுவாகும் நெஞ்சும், பழுதாகி மெதுவாகும் நெஞ்சும் கையில் பிடித்தால் ஒரே மாதிரிதான் தெரியும். முன்னதில் ஆளுக்குத் தெம்பு கூடும், பின்னதில் தெம்பு போகும். "மயக்கம் வந்தப்பவே ஒரு ஈசிஜி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கலாம். சின்னதா ஒரு மெஷின் வெச்சு அனுப்பியிருப்போம்" என்றார். மெஷின் வைத்தால் கடலுக்குப் போகலாமா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அவர் பேனாவை எடுத்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிவிட்டது. உன் இடத்தில் இப்போது ராமேஸ்வரம் பக்கத்து ஆள் ஒருவர் இறங்குகிறார். நான்தான் கை பிடிக்கிறேன். நாடி மெதுவாகிவிட்டது என்று தெரிந்தாலும் தோளைத் தட்ட மனசு வருவதில்லை. தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று கேட்டுக் கேட்டு அவரை அலுக்கவைக்கிறேன். "உங்களுக்கு என்ன அண்ணே, நான் இறங்கணுமா, டாக்டர்ட்ட போகணுமா?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இந்தத் தடைக்காலத்தில் நானும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். என் பெண்டாட்டி விரட்டினாள். அதே ரோடு, அதே லாரி, அதே புழுதி. ஓடவில்லை, வேகமாக நடக்கிறேன். என் எண்ணும் இறங்குகிறது மாமு. முதல் தடவை அறுபதுக்குக் கீழே போன அன்று பல்கூட விளக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி எடுத்தார்கள். மயக்கம் இல்லை, தலை சுற்றல் இல்லை, முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் நடக்கிறேன் என்று எல்லாம் சொன்னேன். பேப்பரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "ரொம்ப நல்லா இருக்கு. தேறிட்டீங்க, இப்படியே நடங்க" என்றாள்.

வெளியே வந்து வாசலில் நின்றேன். நல்ல சேதிதான். நீயாக இருந்தால் ரோட்டிலேயே கூவியிருப்பாய். எனக்கு அழுகை வந்தது. நீ ஆசைப்பட்டுக் கேட்டது உனக்குக் கிடைக்காமல், கேட்காத என் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவது?

நேரே கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போனேன். கலா அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தடை இல்லாத சின்ன ஃபைபர் படகில் வந்த கொஞ்சம் மீனைக் கூறு கட்டி வைத்திருந்தாள். அவளிடம் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே போனவன், போன வேகத்தில் சொல்லிவிட்டேன். நாடி குறைந்துவிட்டது தங்கச்சி, டாக்டர் நல்லது என்றார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நல்லதுன்னுதான் அப்பயும் சொன்னீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "ராத்திரி அவுரு தூங்கச்சொல்ல நெஞ்சு மேல கைய வெச்சுகினு படுத்துனு கெடப்பேன் அண்ணே. ஒண்ணு அடிக்கும். அப்பால அடுத்தது வராது. வருமா வருமான்னு நான் மூச்சப் புடிச்சுகினு கெடப்பேன். அப்பறம் வரும். எயுப்பி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமான்னு எத்தினி தபா தோணிச்சு. ஊரே நல்லதுன்னு சொல்லுது, நம்ம பயத்தச் சொன்னா அவுரு மூஞ்சி வாடிப்பூடுமேன்னு வுட்டுட்டேன். அவ்ளோ சந்தோசமா கீறாரே, கெடுக்க வாணாம்னு."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கையக் குடு அண்ணே" என்றாள்.

கொடுத்தேன். செதில் ஒட்டிய விரலால் மணிக்கட்டைத் தடவி இடத்தைக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டாள். எண்ணவில்லை, அவள் உதடு அசையவே இல்லை. ஒரு அம்மாள் வந்து, சங்கரா மீன் எவ்வளவு என்று கேட்டாள். கலா நிமிரவில்லை. அந்த அம்மாள் மறுபடி கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்து, பையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வருது" என்றாள் கலா. கொஞ்சம் கழித்து மறுபடியும், "வருது." இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை விட்டாள். சங்கராவை எடுத்து நிறுக்க ஆரம்பித்தாள்.

வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து காலையில் நாடியை எண்ணுவதை விட்டுவிட்டேன். கண் விழித்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒன்று அடிக்கும். அடுத்தது வரும்வரை, உன் பக்கத்தில் கலா கிடந்த மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன் மாமு.